அறுபதாயிரம் ரூபாய் மதர்போர்டு எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது

தருமபுரியில் திருமண வீடியோ ஸ்டுடியோ நடத்துவதாகவும், எக்ஸ்870இ சிப்செட் (ப்ராசஸரை மற்ற இணைப்புகளோடு சேர்க்கும் துணைச் சிப்) கொண்ட, சுமார் 60,000 ரூபாய் விலையுள்ள மதர்போர்டு (எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை) ஒன்றை நடுவில் வைத்து, ரைசன் 9 9950எக்ஸ் ப்ராசஸரும் ஆர்டிஎக்ஸ் 5070 டிஐ கிராபிக்ஸ் கார்டும் சேர்த்து எடிட்டிங் கணினி கட்ட எண்ணியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட போர்டை வாங்கியவர்களின் அனுபவம் எப்படி இருக்கிறது, கொடுக்கும் பணத்துக்குப் பயன் உண்டா என்பது உங்கள் கேள்வி. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் இத்தகைய போர்டுகளைக் கொண்டு கட்டப்பட்ட கணினிகளை நான் பொருத்தியும், பிறகு பராமரித்தும் வருகிறேன். அவற்றின் உரிமையாளர்கள் சொல்வதையும் கேட்டு வருகிறேன். அதை வைத்துச் சொல்வதானால், வேகத்தை எதிர்பார்த்து அந்த விலையைக் கொடுக்க வேண்டாம். பெரிய நகரத்தின் சர்வீஸ் சென்டர் அருகில் இல்லாத நம் ஊர்களில், விலை உயர்ந்த போர்டின் உண்மையான மதிப்பு அது தன் பழுதைத் தானே காட்டித் தருவதிலும், பிழையான பயாஸிலிருந்து (கணினியைத் தொடக்கி வைக்கும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) தானே மீண்டுகொள்வதிலும் இருக்கிறது. அந்த வசதிகளில் பெரும்பகுதி அதன் பாதி விலைக்கும் குறைவான போர்டுகளிலேயே இன்று கிடைக்கிறது.

முதலில் விளம்பரங்களில் பெரிதாகச் சொல்லப்படும் மின்வழங்கல் பகுதியைப் பார்ப்போம். 18 கட்டங்கள் (ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் தனித்தனிச் சுற்றுகள்), ஒவ்வொன்றும் 110 ஆம்பியர் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பார்கள். பெருக்கிப் பார்த்தால் 1,980 ஆம்பியர் வருகிறது. நீங்கள் வாங்க நினைக்கும் 9950எக்ஸ் ப்ராசஸருக்கு ஏஎம்டி நிர்ணயித்த உச்ச மின்திறன் 230 வாட். நொடிப்பொழுது உச்ச மின்னோட்டம் 225 ஆம்பியர். தேவைக்கு எட்டு மடங்குக்கு மேல் திறன் வைத்திருப்பதால் வீடியோ ஒரு நொடிகூட முன்னதாக எக்ஸ்போர்ட் ஆகிவிடாது. தருமபுரியில் கல்லூரி மாணவர் ஒருவர் விளையாட்டுக்காக ரைசன் 7 9800எக்ஸ்3டி ப்ராசஸரை இதே தரத்துப் போர்டில் கட்டினார். அவருடைய நண்பர் அதே ப்ராசஸரையும் அதே கிராபிக்ஸ் கார்டையும் இடைநிலை பி850 போர்டில் வைத்திருக்கிறார். இருவரும் ஒப்பிட்டுப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு எதுவும் தெரியவில்லை. மின்வழங்கல் பகுதி மோசமாக இருக்கும் மலிவான போர்டில் 16 கோர் ப்ராசஸரைப் போடக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் மலிவுக்கும் உச்சத்துக்கும் நடுவே போதுமானது என்று ஒரு தரம் இருக்கிறது, அங்கே நின்றுகொள்ளலாம்.

அடுத்தது பிசிஐ எக்ஸ்பிரஸ் பாதைகள், அதாவது கிராபிக்ஸ் கார்டு, எஸ்எஸ்டி போன்றவை தரவைப் பரிமாறிக்கொள்ளும் இணைப்புத் தடங்கள். வாங்கியவர்களில் பலர் வாங்கிய பிறகே இதைத் தெரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் 9950எக்ஸ் ப்ராசஸர் மொத்தம் 28 பாதைகளைத் தருகிறது; சிப்செட்டுக்கு 4 போக மீதமிருப்பவை 24. இதில் 16 கிராபிக்ஸ் கார்டுக்கும், 4 முதல் எம்.2 எஸ்எஸ்டிக்கும் (போர்டிலேயே நேராகச் செருகும் சேமிப்பகம்) போகின்றன. எஞ்சிய நான்கைத்தான் எக்ஸ்870, எக்ஸ்870இ போர்டுகளில் அதிவேக யுஎஸ்பி வகையான யுஎஸ்பி4-இன் கட்டுப்பாட்டுச் சிப் எடுத்துக்கொள்கிறது, ஏனென்றால் இந்த இரண்டு சிப்செட்களிலும் யுஎஸ்பி4 கட்டாயம். ஆகவே ப்ராசஸரோடு நேரடியாக இணைந்த இரண்டாவது, மூன்றாவது எம்.2 இடங்கள் சில போர்டுகளில் யுஎஸ்பி4 உடனும், சில போர்டுகளில் கிராபிக்ஸ் கார்டின் 16 பாதைகளுடனும் பங்கு போட்டுக்கொள்கின்றன. நீங்கள் இரண்டாவது எஸ்எஸ்டியைத் தவறான இடத்தில் செருகினால் கிராபிக்ஸ் கார்டு 8 பாதைகளுக்கு இறங்கிவிடும். 5070 டிஐ பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 கார்டு என்பதால் 8 பாதைகளிலேயே நான்காம் தலைமுறையின் (4.0) 16 பாதைகளுக்கு நிகரான அகலம் கிடைக்கும். இழப்பு மிகச் சிறியது. ஆனாலும் அறுபதாயிரம் கொடுத்தவருக்கு இதைக் கண்டதும் மனம் கசக்கிறது. கையேட்டில் எந்த எம்.2 இடம் எதனோடு பங்கு போடுகிறது என்ற அட்டவணை இருக்கும். வாங்கும் முன்பே நிறுவனத்தின் தளத்திலிருந்து அந்தக் கையேட்டைத் தரவிறக்கிப் படித்துவிடுங்கள்.

மீதமுள்ள எம்.2 இடங்கள், சாட்டா (பழைய வகைச் சேமிப்பக இணைப்பு), பெரும்பாலான யுஎஸ்பி, லேன் (நெட்வொர்க் இணைப்பு) எல்லாம் சிப்செட்டைச் சேர்ந்தவை. எக்ஸ்870இ என்பது ஒரே வகைச் சிப் இரண்டைச் சங்கிலியாகக் கோத்தது. 2022இல் வந்த எக்ஸ்670இ சிப்செட்டிலும் அதே சிப்தான் இருந்தது. இந்த இரண்டு சிப்களும் ப்ராசஸரோடு பேசுவது பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வேகத்தில் ஓடும் நான்கே பாதைகள் வழியாக, அதாவது நொடிக்கு ஏறக்குறைய 8 ஜிபி. எத்தனை வயல்கள் இருந்தாலும் ஏரியிலிருந்து வருவது ஒரே வாய்க்கால் என்பதைப் போல, ஐந்து எஸ்எஸ்டி செருகினாலும் எல்லாம் ஒரே சமயத்தில் முழு வேகத்தில் ஓட முடியாது.

இது உங்களைப் பாதிக்குமா என்றால், பாதிக்காது. சோனி ஏ7 வரிசைக் கேமராவில் 4கே, 60 பிரேம், நிற விவரத்தை அதிகம் பதியும் 10 பிட் 4:2:2 முறையில் எடுக்கும் காட்சி நொடிக்கு 200 மெகாபிட் அளவில் பதிவாகிறது. அது 25 மெகாபைட். மண்டபத்தில் நான்கு கேமரா வைத்து எடுத்து, நான்கையும் ஒரே சமயத்தில் டைம்லைனில் ஓட்டினாலும் நொடிக்கு 100 மெகாபைட்தான் தேவை. பழைய சாட்டா எஸ்எஸ்டியே 500 மெகாபைட்டுக்கு மேல் தரும். நொடிக்கு 14 ஜிபி படிக்கும் ஐந்தாம் தலைமுறை எஸ்எஸ்டி இந்த வேலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்குச் செலவிடும் பணத்தில் இரு மடங்கு கொள்ளளவுள்ள நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி வாங்கினால் முகூர்த்த மாதங்களில் இடநெருக்கடி இல்லாமல் இருக்கும்.

இத்தனை பாதைகளும் இடங்களும் உண்மையிலேயே தேவைப்பட்டவர் ஒருவரையும் குறிப்பிட வேண்டும். ஓசூரில் உள்ள பொறியாளர் ஒருவர் கணக்கீட்டு வேலைக்காக இரண்டு கிராபிக்ஸ் கார்டுகளை ஒரே கணினியில் வைத்திருக்கிறார். ப்ராசஸரின் 16 பாதைகளை எட்டு எட்டாகப் பிரித்து இரண்டு நீள ஸ்லாட்டுகளுக்குத் தரும் அமைப்பு பெரும்பாலும் விலை உயர்ந்த போர்டுகளில்தான் இருக்கிறது. 10 ஜிகாபிட் லேனையும் அவர் பயன்படுத்துகிறார். இப்படி எந்த வசதி எதற்கு வேண்டும் என்று முதலிலேயே சொல்லத் தெரிந்தவர்கள்தான் இந்தப் போர்டை வாங்கி நிறைவாக இருக்கிறார்கள். உங்கள் ஸ்டுடியோவில் இரண்டு எடிட்டர்கள் ஒரே சேமிப்பகத்திலிருந்து வேலை செய்யும் திட்டம் இருந்தால் 10 ஜிகாபிட் லேனைப் பற்றி யோசிக்கலாம். சாதாரண ஜிகாபிட் லேன் நொடிக்கு 110 மெகாபைட் அளவில் நின்றுவிடும். ஆனால் அதையும் தனிக் கார்டாக வாங்கிச் செருகிக்கொள்ள முடியும்.

ரேம் விஷயத்தில்தான் அதிகமான மனக்குறைகளைக் கேட்கிறேன். ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 வகை ரேம் மட்டுமே பொருந்தும். நான்கு ஸ்லாட் இருக்கிறதே என்று நான்கிலும் ரேம் போடுவது இயல்பான ஆசை. 9950எக்ஸ் ப்ராசஸருக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாக உறுதி தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5600 (நொடிக்கு மெகா பரிமாற்றம் என்ற அலகில்). நான்கு ரேம் போட்டால் அது 3600 ஆக இறங்குகிறது. இந்த மெமரி கட்டுப்பாட்டுப் பகுதி ப்ராசஸருக்குள் இருப்பதால், எவ்வளவு விலை உயர்ந்த போர்டாலும் இந்த எல்லையை அழிக்க முடியாது. நல்ல போர்டு அதைச் சற்றுத் தள்ளி வைக்கும், அவ்வளவே. கிருஷ்ணகிரியில் கிரானைட் குவாரிகளின் ட்ரோன் படங்களை இணைத்து 3டி மாதிரி தயாரிக்கும் ஒருவர், முதலில் 32 ஜிபி ரேம் இரண்டு வாங்கி 6000 வேகத்தில் நிம்மதியாக வேலை செய்துகொண்டிருந்தார். பின்னர் அதே மாடலில் மேலும் இரண்டு வாங்கிச் செருகியதும் கணினி நிலையில்லாமல் போனது. வேகத்தைக் குறைத்த பிறகுதான் ஓடுகிறது. அவருக்கு வேகத்தைவிடக் கொள்ளளவு முக்கியம் என்பதால் ஏற்றுக்கொண்டார். நீங்கள் முதலிலேயே 48 ஜிபி இரண்டு, அதாவது 96 ஜிபி கொண்ட ஒரே தொகுப்பாக வாங்குங்கள். அது கைக்கு எட்டாவிட்டால் 32 ஜிபி இரண்டு வாங்குங்கள். போர்டு நிறுவனத்தின் பொருந்தும் ரேம் பட்டியலில் அந்த மாடல் எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கையேட்டில் குறிப்பிட்ட இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டுகளில்தான் செருக வேண்டும்.

முதல் முறை இயக்கும்போது திரை சில நிமிடங்கள் கறுப்பாகவே இருக்கும். போர்டு அந்த நேரத்தில் ரேமோடு ஒத்திசைவதற்கான சோதனைகளைச் செய்துகொண்டிருக்கிறது. இது தெரியாமல் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டு, போர்டு செத்துவிட்டது என்று எனக்கு இரவில் தொலைபேசியில் அழைத்தவர்கள் உண்டு. அதிகக் கொள்ளளவு ரேம் என்றால் பத்து நிமிடம்கூடப் பொறுத்திருங்கள்.

இங்கேதான் நான் தொடக்கத்தில் சொன்ன மதிப்பு தெரிய வருகிறது. உயர்ரகப் போர்டுகளின் மூலையில் இரண்டெழுத்துக் குறியீடு காட்டும் சிறு திரை ஒன்று இருக்கும். கணினி எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்பதை அது காட்டும். மேற்சொன்ன கிருஷ்ணகிரிக்காரர் அந்தத் திரையைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினார். மெமரியைச் சேர்ந்த குறியீடு என்று தெரிந்ததால் நான் அங்கே போகாமலே, ஒரு ரேமை எடுத்துவிட்டு இயக்கச் சொல்லிச் சரிசெய்ய முடிந்தது. அந்தத் திரை இல்லாத போர்டாக இருந்தால் ப்ராசஸரா, ரேமா, பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ்ஸா என்று தெரியாமல் மொத்தப் பெட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டு, கணினிக் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோட்டுக்குப் போக வேண்டியிருக்கும். இடைநிலைப் போர்டுகளில் அந்தத் திரை பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதிலாக ப்ராசஸர், ரேம், கிராபிக்ஸ், பூட் என நான்கு சிறு விளக்குகள் இருக்கும். எது எரிந்து நிற்கிறதோ அங்கேதான் சிக்கல். பத்தில் எட்டு நிலைமைகளுக்கு அது போதும் என்பது என் மதிப்பீடு.

அதைவிடவும் நான் வலியுறுத்துவது, பென்டிரைவிலிருந்து நேரடியாக பயாஸ் ஏற்றும் பொத்தானை. ப்ராசஸரும் ரேமும் இல்லாமலேயே, எஸ்எம்பிஎஸ் இணைப்பு மட்டும் இருந்தால், போர்டு தன் பயாஸைப் புதுப்பித்துக்கொள்ளும். பயாஸ் ஏற்றும்போது மின்சாரம் போய்விட்டாலும் இதைக் கொண்டு மீட்கலாம். பயாஸ் புதுப்பிப்பைத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றுகள் இரண்டு. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி ப்ராசஸர்கள் சில சாக்கெட்டிலேயே கருகியபோது, ப்ராசஸருக்குள் மெமரி கட்டுப்பாட்டுப் பகுதிக்குச் செல்லும் எஸ்ஓசி மின்னழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்குள் கட்டுப்படுத்தும் பயாஸைத்தான் ஏஎம்டி தீர்வாகத் தந்தது. 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை ப்ராசஸர்கள் நிலைகுலைந்தபோதும் திருத்தம் பயாஸ் வழியாகவே வந்தது. இந்தப் பொத்தான் இல்லாத போர்டை, என்ன விலைக்குக் கிடைத்தாலும், நம் ஊரில் வாங்காதீர்கள்.

இனி மின்சாரம். போர்டைப் பற்றிய கேள்விக்கு இது எதற்கு என்று தோன்றலாம். நான் பார்த்தவரையில் விலை உயர்ந்த போர்டுகள் சீக்கிரம் கெட்டுப்போனதற்குக் காரணம் பெரும்பாலும் சுவருக்குப் பின்னால்தான் இருந்தது. கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் சுருக்கென்று தாக்குகிறது என்று நம் பகுதியில் பலர் சொல்வார்கள். எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் மின்தேக்கிகள் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்கின்றன. சுவரில் எர்த் வேலை செய்யாவிட்டால், கேபினட்டின் உடல் முழுவதும் வழங்கல் மின்னழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் ஆளுக்குப் பெரிய கேடில்லை. ஆனால் அந்த நிலையில் கேமராவையோ மானிட்டரையோ ஆடியோ மிக்சரையோ கேபிளால் இணைக்கும் நொடியில் போர்ட்டுகள் எரிந்துபோகக்கூடும். கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் சில அடி ஆழத்திலேயே பாறை வந்துவிடுகிறது. பாறையில் மண்ணின் ஈரம் இல்லை, ஆகவே மின்தடை அதிகம். எர்த் குழி தோண்டியிருந்தாலும் சித்திரை, வைகாசியில் அது காய்ந்து பயனற்றுப்போகிறது. உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு எர்த் மின்தடையை அளந்து பாருங்கள். 5 ஓமுக்குள் இருப்பது நல்லது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே இரண்டு, மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அதைச் சரிசெய்த பிறகே புதிய கணினியைச் செருகுங்கள்.

யுபிஎஸ் பற்றியும் கணக்குப் போட்டே முடிவு செய்ய வேண்டும். ப்ராசஸர் 230 வாட், 5070 டிஐ 300 வாட், மற்றவை சேர்த்து 600 வாட்டைத் தொடும். கடைகளில் சாதாரணமாகத் தரும் 600 விஏ யுபிஎஸ் தாங்குவது 360 வாட் அளவுதான். எக்ஸ்போர்ட் ஓடும்போது மின்சாரம் போனால் கணினி யுபிஎஸ்ஸோடு சேர்ந்து அணைந்துவிடும். 1.5 கேவிஏ, தூய சைன் அலை தருவது வாங்குங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால், அது சைன் அலை வகையாகவும், யுபிஎஸ் நிலையில் வைக்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும். விவசாய மோட்டார்கள் அதிகம் ஓடும் டிரான்ஸ்ஃபார்மரில் உங்கள் இணைப்பு இருந்தால், மின்னழுத்தம் தாழ்ந்து தாழ்ந்து ஏறும். நல்ல எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்கிக்கொள்ளும், ஆனால் யுபிஎஸ் ஒவ்வொரு முறையும் பேட்டரிக்கு மாறி, அதன் ஆயுள் குறையும். அங்கே ஸ்டெபிலைசரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கோடை மழைக் காலத்தில் இடி மின்னல் பற்றிய எச்சரிக்கை ஒன்று. இணைய இணைப்பு வெளியே கம்பத்திலிருந்து செப்புக் கேபிளாக வந்தால், அதை நேராக மதர்போர்டின் லேன் போர்ட்டில் செருகாதீர்கள். நடுவில் சில நூறு ரூபாய் ஸ்விட்ச் ஒன்றை வையுங்கள். தருமபுரியில் ஒருவருடைய போர்டில் மின்னலுக்குப் பிறகு லேன் மட்டும் செத்துப்போனது. போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட சிப் என்பதால் தனியாக மாற்ற வழியில்லை, உத்தரவாதமும் செல்லவில்லை.

வெப்பத்தைப் பொறுத்தவரை, 9950எக்ஸ் 95 டிகிரி வரை ஓடும்படியே வடிவமைக்கப்பட்டது. ஓசூரில் குளிர்ச்சியாக ஓடும் அதே அமைப்பு, தருமபுரியில் ஏப்ரல் மாத மதியத்தில் அந்த எல்லையைத் தொடும். பயாஸில், மின்செலவைக் குறைக்கும் ஈகோ நிலையை 105 வாட்டுக்கு வைத்தால் உச்சம் 230இலிருந்து 142 வாட்டாக இறங்குகிறது. எக்ஸ்போர்ட் நேரம் கொஞ்சம்தான் கூடும், வெப்பமும் விசிறிச் சத்தமும் வெகுவாகக் குறையும். கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகில் இருப்பவர்கள் முன்பக்க வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்ய வேண்டும். எம்.2 எஸ்எஸ்டியின் வெப்பத் தகட்டில் ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் உறையை உரித்த பிறகே மூட வேண்டும். அதை உரிக்காமல் மூடிவிட்டு எஸ்எஸ்டி சுடுகிறது என்பவர்கள் நிறைய. உயர்ரகப் போர்டுகள் சில, சாதாரண ஏடிஎக்ஸ் போர்டின் 244 மில்லிமீட்டர் அகலத்தைத் தாண்டுபவை. கேபினட்டின் கேபிள் துளைகளை அவை மறைத்துவிடும் என்பதையும் அளந்து பாருங்கள்.

எடிட்டிங் வேகத்தை உண்மையில் தீர்மானிப்பது எது என்று கேட்டால், உங்கள் கேமராவின் 10 பிட் 4:2:2 கோப்பை எந்தச் சிப் பிரித்துப் படிக்கிறது என்பதுதான். ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக் கார்டுகள் எச்.264, எச்.265 ஆகிய வீடியோ சுருக்க முறைகள் இரண்டிலும் 4:2:2 காட்சிகளை வன்பொருளிலேயே பிரிக்கின்றன. அதற்கு முந்தைய 40 வரிசையில் அது கிடையாது. ஆகவே நீங்கள் 5070 டிஐயைத் தேர்ந்தது மிகச் சரி. எடிட்டிங் மென்பொருளின் புதிய பதிப்பும் டிரைவரும் இருந்தால், டைம்லைன் தடங்கலின்றி ஓடுவதற்கு நீங்கள் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி இந்தக் கார்டோடு முடிந்துவிடுகிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், பயாஸ் பொத்தானும் நான்கு விளக்குகளும் நல்ல மின்வழங்கலும் கொண்ட இடைநிலை எக்ஸ்870 அல்லது பி850 போர்டை வாங்குவேன். மிச்சமாகும் பணத்தில் முதலில் எர்த், அடுத்து யுபிஎஸ், அதற்கும் மேல் இருந்தால் 96 ஜிபி ரேம். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருப்பதால் இந்த மிச்சம் உங்களுக்கு மிகவும் உதவும்.

வாங்கும் இடத்தில் கவனிக்க வேண்டியவை சில. பெட்டியைப் பிரித்ததும் சாக்கெட்டின் பின்களை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்; ஏஎம்5 சாக்கெட்டில் 1,718 பின்கள் போர்டில்தான் இருக்கின்றன, ஒன்று வளைந்திருந்தாலும் உத்தரவாதம் மறுக்கப்படலாம். மேல்மூடியான கறுப்புப் பிளாஸ்டிக்கைத் தூக்கி எறியாதீர்கள், போர்டைத் திருப்பி அனுப்பும்போது அது வேண்டும். பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லுங்கள். உங்கள் ஸ்டுடியோ ஜிஎஸ்டி பதிவு பெற்றதாக இருந்து பெங்களூரில் வாங்கினால், உங்கள் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான விற்பனை வரி) போட்ட பில்லாகக் கேளுங்கள். கவுன்ட்டரில் அவசரமாக கர்நாடக எஸ்ஜிஎஸ்டி போட்டுத் தந்துவிட்டால், போர்டுக்குச் செலுத்தும் 18 சதவீத வரியைத் தமிழ்நாட்டில் பதிவு செய்த நீங்கள் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள முடியாது.